விலா எலும்பு குத்திய பிறகு

பிப்ரவரி 10, திங்கள்

பிணவறையின் காற்று உறிஞ்சும் விசிறி இன்று ஒருவழியாக ஓடியது. எத்தனை முறை மேலிடத்துக்கு எழுதிப் போட்டேன் என்று எனக்கே மறந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு வந்தார், ஏணியில் ஏறினார், "இவ்வளவுதாம்மா, ஒரு ஒயர் விட்டுப்போயிருந்துச்சு" என்று சொல்லி இறங்கிவிட்டார். அவரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சலாம் போல இருந்தது. காசநோய் பிடித்த நுரையீரலைத் திறக்கும்போது காற்று எந்தப் பக்கம் போகிறது என்பது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. மேலிடத்துக்கு அது சிறு பழுது.

ரேடியோ விசிறியைப் பார்த்துக் கைதட்டினார். (ரேடியோ எங்கள் பிணவறை உதவியாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வாய் ஓய்ந்ததே இல்லை என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே சமயம்தான்.) "இனிமே நமக்குச் சாவே கிடையாது மேடம்" என்றார். எங்கே நின்றுகொண்டு என்ன பேச்சு!

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் அச்சகத்துத் தாள்களோடு உட்கார்ந்திருக்கிறார். பிழை திருத்துவது இவருடைய பிழைப்பு. ஊரார் பிழையையெல்லாம் கண்டுபிடிக்கிறவருக்கு வீட்டுக் குழாய் சொட்டுவது மட்டும் கண்ணில் படாது.

பிப்ரவரி 11, செவ்வாய்

கையில் குத்திவிட்டது.

எழுதுகிறேன். எழுதினால்தான் தலை ஓரிடத்தில் நிற்கும்.

சாலை விபத்து. நடுத்தர வயது ஆண், வீடுகளுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலை. ஸ்கூட்டரில் போனவர் மேல் வேன் மோதியிருக்கிறது. ஆள் யாரென்று தெரியவே தாமதம் ஆனதால் உடல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிடந்தது. போலீஸ் காகிதத்தில் அவ்வளவுதான் இருந்தது.

மார்பைத் திறந்ததும், வெட்டிய விலா எலும்புகளின் முனை மேல் மடித்த துணியைப் போட வேண்டும். கத்தியைவிடக் கூர்மை அவை. படிக்க வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான். இன்றும் துணி போட்டேன். அழகாக, மடிப்புக் கலையாமல் போட்டேன். ஆனால் முதுகுப் பக்கம் வேன் உடைத்து வைத்திருந்த எலும்புகள்? அவற்றுக்கு யார் துணி போடுவது? நுரையீரலைத் தூக்கக் கையை உள்ளே விட்டேன். இரண்டு கையுறைகளையும் கிழித்துக்கொண்டு ஒரு முனை சுட்டுவிரலின் அடியில் ஏறியது. நான் வெட்டியதற்கெல்லாம் பயந்தேன், வேன் உடைத்ததை மறந்துவிட்டேன். இத்தனை வருஷ அனுபவத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போட.

கையுறையைக் கழற்றிக் குழாயடியில் நின்றேன். சோப்பு, தண்ணீர், சோப்பு, தண்ணீர். ரத்தம் நின்று போயிற்று. குழாயை மூடத்தான் மனம் வரவில்லை.

ரேடியோ வராந்தாவுக்கு ஓடினார். உடலை வாங்கிப்போக வந்து உட்கார்ந்திருந்த மொத்தக் குடும்பத்தையும் பார்த்து, "இவருக்கு ஏதாச்சும் நோய் நொடி இருந்துச்சா? எங்க டாக்டருக்கு எலும்பு குத்திடுச்சு!" என்று கேட்டது உள்ளே எனக்கே கேட்டது.

"எங்க தம்பிக்குச் சளிகூடப் பிடிச்சதில்ல. இரும்பு மாதிரி இருந்தவன். செத்தவனைப் பத்திக் கேக்கற கேள்வியா இது?" என்று இறந்தவரின் அண்ணன் சத்தம் போட்டார். கதவிடுக்கில் பார்த்தேன். அவருக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒரு பெண். மனைவி போலிருக்கிறது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழ்த்தளத்தில் தொற்றுநோய்ப் பிரிவு. அங்கிருக்கும் டாக்டருக்கு என் மகள் வயது இருக்கும். ஆனால் கண்டிப்பில் எனக்கே மாமியார். "முதல் மாத்திரை இப்பவே, என் கண்ணு முன்னாடி" என்றார். மஞ்சள் காமாலைக்கு நான் முன்பே ஊசி போட்டிருக்கிறேன். இந்த மாத்திரை, இறந்தவருக்கு ஹெச்.ஐ.வி. இருந்தால் அது எனக்குத் தொற்றாமல் தடுப்பதற்கு. ஒரு மாதம் விடாமல் விழுங்க வேண்டும். இறந்தவரின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். வேறு எதற்கும் இவர் பாதிப் பக்கத்தில் பேனாவை மூடி நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 12, புதன்

காலையில் நான் டீ குடித்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன். டம்ளரில் இது பரவாது. எனக்குத் தெரியாதா? எத்தனை வகுப்பில் மேஜையைத் தட்டிச் சொல்லியிருக்கிறேன்! தெரிந்தும் கை தானாகப் போய்த் தனியே வைக்கிறது.

இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வந்து, நான் மீதம் வைத்திருந்த டீயை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். ஆறி, ஆடை படிந்த டீ. "சர்க்கரை கம்மி" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "என்னங்க விளையாட்டு இது?" என்று கத்தினேன்.

"இதுல பரவாதுன்னு நேத்து நீதானே சொன்ன? அப்ப பொய்யா சொன்ன?"

அடுப்படிக்குள் போய் அழுதேன். அழுது முடித்துவிட்டு வந்து, கடைசிப் பரிசோதனை முடியும் வரை கணவன் மனைவி சில விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும் என்று கீழ்த்தள டாக்டர் சொன்னதையும் சொன்னேன். "நம்ம வயசுக்கு இதெல்லாம் ஒரு தண்டனையா?" என்றார். சிரித்துவிட்டேன். இந்த மனுஷர் எனக்கு வாய்த்ததற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ.

பிப்ரவரி 13, வியாழன்

குமட்டல். வாயில் இரும்புச் சுவை. சோற்றைப் பார்த்தாலே ஓடத் தோன்றுகிறது.

பிப்ரவரி 15, சனி

பரிசோதனைக் கூடத்திலிருந்து பதில் வந்தது. உடல் கிடந்த கிடப்பில் ரத்தம் கெட்டுவிட்டதாம். நோய் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இதைச் சொல்ல இத்தனை நாள்.

"அப்ப மாத்திரையைத் தொடர்றோம்" என்றார் கீழ்த்தள டாக்டர், ஏதோ தேநீர் விருந்துக்கு அழைப்பது போல. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, குமட்டலுக்குத் தன் பையிலிருந்தே ஒரு அட்டை மாத்திரை எடுத்துக் கொடுத்தார். "கர்ப்பமா இருந்தப்ப நான் சாப்பிட்டது. கேக்கும்" என்றார். கண்டிப்பான மாமியாருக்குள் இப்படி ஒரு அம்மாவும் இருக்கிறாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வாந்தி. கொஞ்சம் தேவலை. மறுபடி வாந்தி.

மகள் போனில் வந்தாள். அப்பாதான் போட்டுக் கொடுத்திருக்கிறார். "நான் கிளம்பி வரேம்மா" என்றாள். வேண்டாம் என்றேன். "நீ வேண்டாம்னு சொல்றது எனக்குப் புரியும். ஆனா கேக்க மாட்டேன், அதுவும் உனக்குத் தெரியும்" என்றாள். என் வாய் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. நல்லவேளை, அவளுக்குப் பரீட்சை. இல்லாவிட்டால் நாளைக் காலையில் வாசலில் நிற்பாள்.

படுத்துக்கொண்டே யோசித்தேன். வார்டு டாக்டர்களிடம் வருகிறவர் ஒரு கோப்போடு வருகிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம், போன வருஷம் வந்த காய்ச்சல், எல்லாம் அதில் இருக்கும். எங்களிடம் வருகிறவர் போலீஸ் காகிதத்தோடு வருகிறார். விபத்து, தூக்கு, தண்ணீர், கத்திக்குத்து. அவர்கள் நோயாளிகள் இல்லை, அதனால் அவர்களுக்கு நோயே இருந்திருக்காது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. வேன் மோதிச் செத்தவருக்குக் காசநோய் இருக்கக் கூடாதா என்ன? வேன் பார்த்தா மோதுகிறது?

பிப்ரவரி 18, செவ்வாய்

போதும். நாளையிலிருந்து நிறுத்தப்போகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒரு எலும்புக் குத்து. இரும்பு மாதிரி இருந்த மனுஷன் என்று கூடப் பிறந்த அண்ணனே சொல்கிறார். உடலிலும் நான் பார்த்தவரை சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. இல்லாத நோய்க்கு இந்த விஷத்தைத் தின்று, நிற்கவும் முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கிறேன். இன்று கத்தி கையில் இருக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது. இப்படியே போனால் இன்னொரு எலும்பு குத்தும். அதற்கு இன்னொரு மாத்திரையா? வேற வேலை இல்ல எனக்கு.

இதையே ஒரு மாணவி வந்து சொல்லியிருந்தால் காதைத் திருகியிருப்பேன். தெரியும். தெரிந்தும் நிறுத்தத்தான் போகிறேன். இவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 19, புதன்

காலை மாத்திரையை விழுங்கவில்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மத்தியானம் ரேடியோ வந்து, "அந்தக் கண்ணாடிக்காரர் வீட்டம்மா வந்திருக்காங்க. ரிப்போர்ட் எப்ப கிடைக்கும்னு கேக்கறாங்க" என்றார். வரச் சொன்னேன். அன்று சுவரோடு நின்ற அதே பெண். தனியாக வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கை எப்படிங்க இருக்கு?" என்றார்.

என் மேஜைக்கு முன்னால் வந்து நின்ற எந்தக் குடும்பமும் இதுவரை என்னைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. அவர்கள் கேட்க வேண்டியதும் இல்லை. காயம் ஆறிவிட்டது என்றேன்.

"கதவைச் சாத்தலாமுங்களா?"

சாத்தினேன். இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு மாத்திரை அட்டைகள். ஒன்று பழையது, ஓரம் நைந்து போனது. பழைய அட்டையில் இருந்தது என் கைப்பையில் இருந்த அதே மாத்திரை.

"ரொம்ப வருஷமா இருந்துச்சுங்க அவருக்கு. எனக்கும் அவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. முதல்ல இதுதான் குடுத்தாங்க. இது கேக்கலைன்னு போன வருஷம் இந்தப் புதுசை மாத்திக் குடுத்தாங்க. கடைசி கொஞ்ச நாளா அதையும் சரியா சாப்பிடல. வெளியூர் வேலைன்னு எடுத்துட்டுப் போக மறந்துடுவாரு." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "அன்னிக்கு உங்க ஆளு வந்து கேட்டப்பவே நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சுங்க. சுத்தி அவங்க ஆளுங்க. சொல்லியிருந்தா அவரைத் தொட்டுத் தூக்கியிருக்க மாட்டாங்க. அவரை நாலு பேர் தூக்கணுங்க. அது மட்டும்தான் அன்னிக்கு எனக்கு மனசுல இருந்துச்சு."

இரண்டு அட்டைகளையும் வாங்கி மேஜை மேல் வைத்தேன்.

"வீட்டுக்குப் போனா சோறு இறங்கல. கண்ணாடி அறுக்கறப்ப கையில வெட்டுப்படுமுங்க, அடிக்கடி படும். கூட வேலை செய்யறவங்க கட்டுப் போட வந்தா விடமாட்டாரு. பல்லால துணியைக் கிழிச்சுத் தானே கட்டிக்குவாரு. திமிர் பிடிச்சவன்னு பேரு. திமிர் இல்லீங்க, பயம். எனக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் எடுக்க வைப்பாரு. இன்னிவரைக்கும் எனக்கு வரல. அவ்வளவு ஜாக்கிரதையா இருந்த மனுஷன், போன பிறகு உங்க கையில…"

எழுந்து போய் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்ல? நன்றி என்ற சொல் அந்த இடத்தில் எதற்கும் போதாது. இந்தப் பெண் வந்திராவிட்டால் இன்று நான் நிறுத்தியிருப்பேன். நிறுத்தியேவிட்டேன், பைக்குள்தானே கிடந்தது!

போகும்போதுதான் கேட்டார். "ரிப்போர்ட்டுல இதை எழுதுவீங்களா? அவங்க அண்ணன்தான் வாங்க வருவாரு."

"அவர் இறந்தது வேன் மோதினதால. நான் எழுதப்போறது அதைத்தாம்மா. இதுக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமே இல்ல."

தலையை ஆட்டினார். தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொல்லி, அங்கே கூப்பிட ஒரு எண் கொடுத்தார். "உங்களுக்கு நல்லபடியா முடிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் நான் அந்த அட்டைகளோடு கீழ்த்தளத்தில் இருந்தேன். கண்டிப்பான டாக்டர் இரண்டு அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "அவருக்குக் கேக்காம போன மருந்தைத்தான் உங்களுக்குக் குடுத்திருக்கேன்" என்றார். மருந்தை மாற்றிவிட்டார். இன்றிலிருந்து மறுபடி ஒரு மாதம். காலை மாத்திரையைத் தவறவிட்டதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு டம்ளர் தண்ணீரைத்தான் நீட்டினார்.

பிப்ரவரி 20, வியாழன்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நிறுத்த நினைத்ததையும் சேர்த்து. (பெயரும் ஊரும் சொல்லவில்லை. அது என் ரகசியம் இல்லை.) முழுக்கக் கேட்டார். பிறகு, "அந்தம்மா இருக்கற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடணும் போல இருக்கு. எந்தத் திசைன்னு மட்டும் சொல்லு" என்றார். வடக்கு என்று பொய் சொன்னேன். கும்பிட்டார்.

பிப்ரவரி 22, சனி

ரேடியோ இரண்டு நாளாக என் முகத்தைப் பார்த்துப் பார்த்து விலகிப் போனார். மருந்து மாறிய செய்தி காதுக்குப் போயிருக்கிறது. யார் சொன்னது என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன்.

"நான் நல்லதுக்குத்தானே மேடம் கேட்டேன்."

"கேட்டது நல்லதுதான் ரேடியோ. கேட்ட இடம்தான் தப்பு. வராந்தாவுல, அண்ணன் தம்பி மாமன் மச்சான் எல்லாரும் சுத்தி நிக்கறப்ப உங்க வீட்டு விஷயத்தை நீங்க சொல்லுவீங்களா?"

யோசித்தார். "நான் சொல்லிடுவேன் மேடம்" என்றார் பாவமாக. உண்மைதான், ரேடியோ சொல்லிவிடுவார்.

உடைந்த ஸ்ட்ரெச்சர்களைப் போட்டு வைத்திருக்கும் அறையைக் காலி செய்யச் சொன்னேன். இனி ஒவ்வொரு உடலுக்கும், மேஜைக்கு எடுப்பதற்கு முன்னால், நெருங்கியவர்களை ஒவ்வொருவராக அந்த அறைக்குக் கூப்பிட்டு நானே கேட்கப்போகிறேன். எல்லாக் குடும்பத்தையும் கேட்டால் எந்தக் குடும்பத்தின் மேலும் கண் விழாது. துறைத் தலைவர், "போலீஸ் வேலையை நீங்க ஏன் பாக்கறீங்க?" என்றார். என் விரலைக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 1, சனி

புது மருந்துக்குக் குமட்டல் குறைவு. இன்று இரண்டு வேளைச் சோறு உள்ளே நின்றது! சாப்பிட்ட தட்டைப் பார்த்துவிட்டு இவர் அச்சுப் பிழை இல்லாத பக்கத்தைப் பார்த்தது போல முகம் மலர்ந்தார்.

மார்ச் 19, புதன்

கடைசி மாத்திரை. விழுங்கினேன். இனிப் பரிசோதனைகள்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. கடைசியாக ஜூனில் ஒன்று இருக்கிறது. அதுவரை கூத்தாடாதீர்கள் என்றார் கீழ்த்தள டாக்டர். மனதுக்குள் கொஞ்சம் ஆடிக்கொண்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். மாடியிலிருந்து விழுந்த ஒருவர் வந்திருந்தார், சின்ன வயது. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும், "அவனுக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றார்கள். அறைக்குள் தனியாக வந்த அப்பா கதவு சாத்தியதும் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "டி.பி.க்கு மருந்து சாப்பிட்டான். பொண்ணு பாத்துக்கிட்டிருந்தோம், அதான் மறைச்சோம். பாதியிலேயே மருந்தை விட்டுட்டான்" என்றார். கனமான முகக்கவசம் போட்டுக்கொண்டோம். மாணவர்களை வெளியே நிறுத்தினேன். நுரையீரலின் மேற்பகுதியில் பெரிய ஓட்டை இருந்தது. எலும்பை அறுக்க மின்சார ரம்பம் போட்டிருந்தால் அறை முழுக்கத் தூசியாகப் பறந்திருக்கும். போடாமல் முடித்தேன்.

வெளியே வந்ததும் ரேடியோ முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு நீளமாக மூச்சு விட்டார். அவருக்கு வீட்டில் கைக்குழந்தையாக ஒரு பேத்தி. அந்த அப்பாவைத் தேடிப் போய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. ரேடியோ ஒன்றைச் சொல்லாமல் செய்து நான் பார்த்தது இதுதான் முதல்முறை.

கண்ணாடிக்காரர் வீட்டம்மாவை நினைத்துக்கொண்டேன். அவரால் இன்று இந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் நல்லபடியாக வீட்டுக்குப் போனார்கள் என்று அவருக்குத் தெரியாது.

ஏப்ரல் 24, வியாழன்

கண்ணாடிக்காரரின் அண்ணன் ரிப்போர்ட் வாங்க வந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். "தம்பி கஷ்டப்பட்டானாங்க?" என்று கேட்டார். உடனே போயிருக்கும் என்றேன். அது நிஜம். முரட்டு ஆள் என்று நினைத்திருந்தேன். ரிப்போர்ட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

ஜூன் 11, புதன்

நாளை முடிவு. இவர் காலையிலிருந்து ஒரே பக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 12, வியாழன்

ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை!

கீழ்த்தள டாக்டர் தாளை நீட்டிவிட்டு, "இப்ப ஆடுங்க" என்றார். ஆடவில்லை, டாக்டரின் தோளில் சாய்ந்துகொண்டேன். இவருக்குப் போன் செய்தேன். "ம்" என்றார். "ம்" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மகள் கத்திய கத்தலில் காது அடைத்துப்போயிற்று. ரேடியோ இந்நேரம் மருத்துவமனை முழுக்கச் சொல்லி முடித்திருப்பார். சொல்லட்டும்.

அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தையல் கம்பெனி எண்ணைக் கூப்பிட்டேன். யாரோ எடுத்து, அந்தம்மாவைக் கூப்பிட்டார்கள். வந்து நின்றது தெரிந்தது, மூச்சு வாங்கியது.

"எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. கடைசி டெஸ்ட்டும் முடிஞ்சுது" என்றேன்.

பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"அப்ப அவர் யாருக்கும் குடுத்துட்டுப் போகலை, இல்லீங்களா?"

"இல்லம்மா. யாருக்கும் குடுக்கல."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.